தவணையில் வாங்கிய பத்தாண்டு: 1920களின் அமெரிக்கா



முதல் உலகப் போர் பற்றிப் போன மாதம் எழுதிய பதிவைப் படித்துவிட்டுப் பலர், "அடுத்து என்ன சார்?" என்று கேட்டிருந்தீர்கள். பாடப் புத்தகத்தில் அடுத்து வருவது 1929ஆம் ஆண்டுப் பொருளாதாரப் பெருமந்தம். நடுவில் இருக்கும் பத்து வருடங்களைப் பாடம் இரண்டு மூன்று வரியில் தாண்டிவிடும். பாடத்தை முடித்தாக வேண்டிய அவசரத்தில் வகுப்பில் நாமும் தாண்டிவிடுவோம். ஆனால் இன்று நாம் வாழும் வாழ்க்கையின் பாதிச் சாமான்கள் அந்தப் பத்து வருடத்தில் தயாரானவை. தவணைக் கடன், விளம்பரத்தில் ஓடும் ஒலிபரப்பு, பேசும் சினிமா, விளையாட்டு வீரருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், சாமானியனும் ஆசைப்படும் பங்குச் சந்தை எல்லாம் அப்போது பெரிதானவைதான். பதிவு சற்று நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போர் முடிந்தது, பணம் எங்கே இருந்தது?

1918 நவம்பர் 11இல் போர் நின்றது. ஐரோப்பா நொறுங்கிக் கிடந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் வென்ற நாடுகள்தான், ஆனால் கடனாளிகள். கடன் கொடுத்தவர் அமெரிக்கா. போருக்கு முன்புவரை ஐரோப்பாவிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்த நாடு, நாலே வருடத்தில் உலகத்துக்குக் கடன் கொடுக்கும் நாடாக மாறியது. போர் அதன் மண்ணை அழிக்கவில்லை. தொழிற்சாலைகள் அப்படியே இருந்தன. போருக்காகப் பெருக்கிய உற்பத்தித் திறனும் கையில் இருந்தது.

1920, 1921இல் ஒரு சிறு சரிவு வந்தது. விலைகள் விழுந்தன, வேலையின்மை ஏறியது. ஆனால் சீக்கிரம் கடந்துபோனது. 1922 முதல் ஏறுமுகம். நீராவியில் ஓடிய ஆலைகள் மின்சாரத்துக்கு மாறின. 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்க வரலாற்றிலேயே முதல் முறையாக நகரவாசிகள் எண்ணிக்கை கிராமவாசிகளைத் தாண்டியது. அதே 1920இல் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது. அதே வருட ஜனவரியில் மதுவிலக்கும் நடைமுறைக்கு வந்தது. ஒரு கையில் சுதந்திரம், மறு கையில் தடை. அந்தப் பத்தாண்டின் குணமே அப்படித்தான்.

காரும் தவணையும்

ஹென்றி ஃபோர்டு 1908இல் 'மாடல் டி' காரைக் கொண்டுவந்தபோது விலை 850 டாலர். 1913இல் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தார். தொழிலாளி நின்ற இடத்தில் நிற்பார், கார் அவரிடம் வரும். அடிச்சட்டம் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 1914இல் நாள் கூலியை 5 டாலராக உயர்த்தினார். 1920களின் நடுவில் அதே காரின் எளிய வகை 260 டாலருக்கே கிடைத்தது. 1927இல் உற்பத்தியை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி கார்கள் வெளியே வந்திருந்தன.

ஃபோர்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பல வருடம் கறுப்பு நிறத்தில் மட்டுமே கார் விற்றார். மக்கள் பணம் சேர்த்து, பிறகு வாங்க வேண்டும் என்று நினைப்பவர். போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு கணக்குப் போட்டார். ஒவ்வொருவர் வருமானத்துக்கும் ஒரு கார், விதவிதமான நிறங்கள், வருடத்துக்கு வருடம் புது வடிவம். கையில் காசு இல்லையா? 1919இலேயே அந்த நிறுவனம் கடன் கொடுக்கவென்று தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. முன்பணம் கொஞ்சம், மீதி மாதத் தவணை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கடன் வாங்குவது உலகம் தோன்றிய நாளிலிருந்து உண்டு. பயிருக்கு வாங்குவார்கள், கல்யாணத்துக்கு வாங்குவார்கள், வாங்கியதை ஊர் அறியாமல் மறைப்பார்கள். ஆசைப்பட்ட பொருளுக்குக் கடன் வாங்குவதைக் கௌரவமாக்கியது இந்தப் பத்தாண்டு. தசாப்தம் முடிவதற்குள் கார்களில் பாதிக்கு மேல் தவணையில்தான் விற்றன. ரேடியோ, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, பியானோ எல்லாம் அந்த வழியில்தான் வீடு புகுந்தன. 1920இல் சுமார் 80 லட்சமாக இருந்த பயணியர் கார்கள் 1929இல் இரண்டு கோடியே முப்பது லட்சத்தை எட்டின. நாட்டின் மக்கள்தொகையே அப்போது பன்னிரண்டு கோடிதான்.

கார் பெருகினால் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். அமெரிக்காவில் ரப்பர் மரம் வளராது. இந்த இடத்தை மனத்தில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

காற்றில் வந்த வியாபாரம்

1920 நவம்பர் 2. பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ என்ற நிலையம் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை வானொலியில் சொன்னது. கேட்டவர்கள் சொற்பம். 1922 முடிவதற்குள் 500க்கும் மேற்பட்ட நிலையங்கள் முளைத்துவிட்டன. நிலையம் நடத்தியவர்கள் யார் தெரியுமா? ரேடியோப் பெட்டி தயாரிப்பவர்கள், பல்பொருள் அங்காடிகள், செய்தித்தாள்கள், கல்லூரிகள், தேவாலயங்கள். பெட்டியை விற்க நிகழ்ச்சி வேண்டும், அதனால் நிகழ்ச்சி இலவசம். பெட்டி விற்று முடிந்த பிறகு நிகழ்ச்சிக்குக் காசு யார் கொடுப்பது? யாருக்கும் விடை தெரியவில்லை.

விடை 1922 ஆகஸ்டில் நியூயார்க்கில் கிடைத்தது. டபிள்யூஇஏஎஃப் என்ற நிலையத்தில் ஒரு வீட்டுமனை நிறுவனம் காசு கொடுத்துச் சில நிமிடம் பேசியது. புறநகரில் தாங்கள் கட்டியிருந்த அடுக்குமாடி வீடுகளைப் பற்றி! உலகின் முதல் வானொலி விளம்பரம் என்று இதைத்தான் சொல்வார்கள். ரியல் எஸ்டேட் விளம்பரம் நம் ஊர் டிவிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

அதே வருடம் வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், இவ்வளவு பெரிய சேவை விளம்பரப் பேச்சில் மூழ்குவதை நினைத்துப் பார்க்கவே முடியாது என்ற கருத்தில் பேசினார். நாலைந்து வருடம்கூடத் தாங்கவில்லை. 1926இல் என்பிசி, அடுத்த ஆண்டு பின்னாளில் சிபிஎஸ் ஆன நிறுவனம் என்று நாடு தழுவிய ஒலிபரப்புகள் வந்தன. சிபிஎஸ்ஸை 1928இல் கைக்குள் கொண்டுவந்த வில்லியம் பேலி ஒரு சுருட்டு வியாபாரியின் மகன். வானொலியில் விளம்பரம் செய்து தங்கள் சுருட்டு விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். கேட்பவர் காசு கொடுக்க வேண்டாம், கேட்பவரையே விற்கலாம் என்ற கணக்கு அங்கே உறுதியானது. இன்று உங்கள் கைபேசியில் இலவசமாக வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதே கணக்குதான். நான் இந்தப் பதிவை எழுதும் இடத்துக்கும் சேர்த்து.

நம் சென்னை இந்த ஓட்டத்தில் பின்தங்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1924இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கப்பட்டு, அந்த ஆண்டே ஒலிபரப்பும் நடந்தது. இந்தியாவில் ஒலிபரப்பில் முன்னோடிகளுள் அது ஒன்று. ஆனால் அங்கே விளம்பரக்காரர்கள் இல்லை, உறுப்பினர் சந்தாதான் வருமானம். பணம் போதாமல் 1927இல் கிளப் நின்றுபோனது. ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து, பெட்டி வாங்க முடியாதவர்களும் பாட்டுக் கேட்டார்கள். அமெரிக்காவில் காற்றலை கடைக்காரர் கைக்குப் போனது, சென்னையில் நகரசபை கைக்கு வந்தது. ஒரே கருவிதான். செலவை யார் ஏற்கிறார் என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது.

பாடியவர் ஒருவர், பணம் பார்த்தவர் ஒருவர்

இந்தப் பத்தாண்டுக்கே 'ஜாஸ் யுகம்' என்று பெயர். அந்த இசை நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பின மக்களிடம் பிறந்தது. தெற்கில் நிறவெறிச் சட்டங்கள், கும்பல் கொலைகள், பருத்திக் காட்டில் தீராத கடன். இவற்றிலிருந்து தப்பி லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே சிகாகோ, நியூயார்க், டெட்ராய்ட் போனார்கள். 'பெரும் இடப்பெயர்வு' என்று வரலாற்றில் சொல்வது இதைத்தான். மக்களோடு இசையும் ரயில் ஏறியது. 1922 ஆகஸ்டில் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற இருபத்தொரு வயது டிரம்பெட் கலைஞர் சிகாகோ வந்து இறங்கினார். 1925 நவம்பரில் அவர் தன் குழுவோடு பதிவுசெய்யத் தொடங்கிய இசைத்தட்டுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின.

இதற்கு முன், 1920 ஆகஸ்டில், மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஒரு ப்ளூஸ் பாட்டைப் பதிவுசெய்தார். கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்க மாட்டார்கள் என்று கம்பெனிகள் நினைத்திருந்தன. தட்டு விற்ற வேகத்தில் கம்பெனிகளே திகைத்தன. உடனே 'இனத் தட்டுகள்' என்று தனி வரிசை தொடங்கினார்கள். அந்தக் காலத்து ரயில் பெட்டி போல அங்கே இசைக்கும் தனிப்பெட்டி.

இந்த வரிசையின் பேரரசி பெஸ்ஸி ஸ்மித். 1923இல் கொலம்பியா நிறுவனத்துக்கு முதல் பாட்டைப் பாடினார். லட்சக்கணக்கில் தட்டுகள் விற்றன. ஆனால் ஒப்பந்தம் எப்படி? ஒரு பக்கம் பாடினால் இவ்வளவு என்று மொத்தத் தொகை. தட்டு எத்தனை விற்றாலும் பங்கு கிடையாது. ரேடியோவும் பெருமந்தமும் சேர்ந்து இசைத்தட்டு வியாபாரத்தைப் படுக்கவைத்தபோது கம்பெனி அவரை விட்டுவிட்டது. 1937இல் கார் விபத்தில் இறந்தார். இறுதி ஊர்வலத்துக்குப் பெருங்கூட்டம் கூடியது. கல்லறைக்கு ஒரு கல் வைக்கத்தான் ஆளில்லை. 1970இல், முப்பத்து மூன்று வருடம் கழித்து, ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுவயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மணியும் சேர்ந்து செலவை ஏற்றுப் பெயர் பொறித்த கல்லை வைத்தார்கள். இந்தப் பத்தாண்டைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தக் கல்லை நினைவில் வையுங்கள்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 'காட்டன் கிளப்' என்று ஓர் இரவு விடுதி. உரிமையாளர் கள்ளச்சாராயத் தாதா ஓனி மேடன். 1927 டிசம்பர் முதல் அங்கே வாசித்தது டியூக் எலிங்டன் குழு. மேடையில் ஆடுபவர், பாடுபவர், பரிமாறுபவர் எல்லாரும் கறுப்பினத்தவர். உட்கார்ந்து பார்ப்பவர்கள் வெள்ளையர் மட்டும். அதே தெருவில் குடியிருக்கும் கறுப்பினத்தவர் உள்ளே போக முடியாது. ஆனால் வானொலி அங்கிருந்து ஒலிபரப்பியபோது எலிங்டனின் இசை நாடு முழுவதும் கேட்டது. வாசலில் காவல் வைக்கலாம், காற்றுக்கு வைக்க முடியாது.

அதே ஹார்லெமில் எழுத்தும் பொங்கியது. லாங்ஸ்டன் ஹியூஸின் முதல் கவிதைத் தொகுப்பு 1926இல் வந்தது. 'ஹார்லெம் மறுமலர்ச்சி' என்று அந்த எழுச்சிக்குப் பெயர். தன் மக்களின் பேச்சையும் இசையையும் கூச்சமில்லாமல் கவிதைக்குள் கொண்டுவந்தவர் ஹியூஸ். ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதத் தொடங்கும்போது இலக்கியம் எப்படி அதிரும் என்பதை நம் தமிழிலும் பார்த்திருக்கிறோம்.

ஊமைப்படம் வாய் திறந்தது

சினிமா அரண்மனை கட்டிக்கொண்ட காலம் இது. 1927இல் நியூயார்க்கில் திறந்த ராக்ஸி தியேட்டரில் கிட்டத்தட்ட ஆறாயிரம் இருக்கைகள். பளிங்கு, கம்பளம், சீருடைப் பணியாட்கள். வாரக் கூலிக்காரர் சில காசு கொடுத்து இரண்டு மணி நேரம் ராஜா மாதிரி உட்காரலாம். சாப்ளினின் 'தி கிட்' (1921), 'தி கோல்ட் ரஷ்' (1925), ஹெரால்டு லாயிட் கடிகார முள்ளில் தொங்கும் 'சேஃப்டி லாஸ்ட்' (1923), பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926) எல்லாம் இந்தக் காலத்தவை. சாப்ளினும் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்ஸும் இயக்குநர் கிரிஃபித்தும் 1919இலேயே சேர்ந்து 'யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். படைத்தவரே பலனைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம். பெஸ்ஸி ஸ்மித்துக்குக் கிடைக்காத வாய்ப்பு.

ஊமைப்படம் என்றாலும் தியேட்டர் ஊமை இல்லை. திரைக்கு முன்னால் பியானோவோ ஆர்கனோ, பெரிய தியேட்டரில் முழு இசைக்குழுவோ வாசிக்கும். ஆயிரக்கணக்கான கலைஞர்களின் குடும்பம் அதில்தான் பிழைத்தது. 1927 அக்டோபர் 6இல் வார்னர் பிரதர்ஸ் 'தி ஜாஸ் சிங்கர்' படத்தை வெளியிட்டார்கள். பெரும்பகுதி ஊமைதான். இடையிடையே அல் ஜோல்சன் பாடுவார், சில வரி பேசுவார். இசைத்தட்டைப் படத்தோடு இணைத்து ஓட்டினார்கள். அந்தச் சில வரி போதுமானதாக இருந்தது. இரண்டு மூன்று வருடத்துக்குள் தியேட்டர் இசைக்குழுக்கள் காணாமல் போயின. வயலின்காரர், செல்லோக்காரர், ஆர்கன் வாசிப்பவர் எல்லாம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இயந்திரத்தின் இசையை எதிர்த்து இசைக்கலைஞர் சங்கம் பத்திரிகைகளில் விளம்பரம்கூடச் செய்தது. பார்வையாளர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு விநோதம் கவனியுங்கள். படத்தின் பெயர் 'ஜாஸ் பாடகர்'. நாயகன் வெள்ளையர், முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடுகிறார். அந்தக் காலத்தின் மொத்தக் கதையும் அந்த ஒரு முகத்தில் இருக்கிறது.

சாப்ளின் மட்டும் அசையவில்லை. 1931இல் 'சிட்டி லைட்ஸ்', 1936இல் 'மாடர்ன் டைம்ஸ்' இரண்டையும் வசனம் பேசாத படங்களாகவே எடுத்தார், வென்றார். அந்தத் துணிச்சலுக்குச் சொந்தக் காசும் சொந்த நிறுவனமும் வேண்டியிருந்தது. பேசும்பட அலை நம்மை அடைய நாலு வருடம்தான் ஆனது. 1931 அக்டோபரில் டி.பி.ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' வெளிவந்தது.

நாயகர்களும் வாய்நாற்றமும்

பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1927இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். 1930இல் அவர் சம்பளம் 80,000 டாலர், அதிபரின் சம்பளம் 75,000. அதே 1927 மே மாதம் இருபத்தைந்து வயது சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாக, நிற்காமல், முப்பத்து மூன்றரை மணி நேரம் விமானம் ஓட்டிப் போனார். ஒருநாள் காலையில் யாருக்கும் தெரியாதவர், மறுநாள் இரவில் உலகம் அறிந்தவர். ரேடியோவும் செய்திப்படமும் இருந்ததால்தான் அது நடந்தது.

விளம்பரத் தொழில் இந்தச் சூட்டில் ஒரு புதுப் பாடம் கற்றது. பொருளைப் புகழ்வதைவிட, வாங்காதவருக்கு வெட்கம் உண்டாக்குவது லாபம். லிஸ்டரின் என்பது முதலில் அறுவைச் சிகிச்சையில் கிருமி கொல்லப் பயன்பட்ட திரவம். 1920களில் 'ஹலிடோசிஸ்' என்ற வாயில் நுழையாத மருத்துவச் சொல்லைத் தேடியெடுத்து, வாய்நாற்றத்தால் கல்யாணம் தள்ளிப்போகும் பெண்களின் கதையை விளம்பரமாகப் போட்டார்கள். விற்பனை பறந்தது. 1929 ஈஸ்டர் நாளில் விளம்பர நிபுணர் எட்வர்ட் பெர்னேஸ் நியூயார்க் ஊர்வலத்தில் சில இளம்பெண்களைச் சிகரெட் பிடிக்க ஏற்பாடு செய்து, அதற்கு 'சுதந்திரத் தீபங்கள்' என்று பெயரும் வைத்தார். பின்னணியில் இருந்தது சிகரெட் கம்பெனி. பெண்களின் விடுதலை ஆசையைப் புகையிலைக்காரர் தன் கல்லாவுக்குத் திருப்பினார். இன்றைக்கும் எந்த நல்ல சொல்லை யார் விற்பனைக்கு எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

விருந்துக்கு அழைக்கப்படாதவர்கள்

இத்தனை வெளிச்சமும் நகரத்தில்தான். கிராமத்தில் மின்சாரமே இல்லை. 1930இல்கூடப் பத்துப் பண்ணைகளில் ஒன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்கே சோறு போட்டவர்கள் அமெரிக்க விவசாயிகள். விலை ஏறியதை நம்பி, கடன் வாங்கி நிலமும் டிராக்டரும் வாங்கினார்கள். போர் முடிந்ததும் கோதுமை விலை பாதியாக விழுந்தது. கடன் மட்டும் விழவில்லை. 1921 முதல் 1929 வரை, செழிப்பான அந்தக் காலத்திலேயே, 5,000க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. பெரும்பாலானவை சிறு ஊர் வங்கிகள். நகரத்துப் பத்திரிகைகளுக்கு அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை.

வெளிநாட்டாருக்குக் கதவு மூடியது. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணிசெய்தவர். 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் 'வெள்ளையர்' அல்ல, ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த மற்ற இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு வழக்குப் போட்டது. 1924 குடிவரவுச் சட்டம் ஆசியர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்தது. அமெரிக்காவில் வேலை செய்யும் என் மாணவர்களும் மருமக்களும் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

வருமானக் கணக்கு இன்னும் தெளிவு. 1929இல் பத்தில் ஆறு குடும்பங்களின் ஆண்டு வருமானம் 2,000 டாலருக்கும் கீழே. ஆலையின் உற்பத்தி ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை. அப்படியானால் குவியும் பொருளை யார் வாங்குவது? கூலி செய்ய வேண்டிய வேலையைத் தவணைக் கடன் செய்தது. வாங்க முடிந்தவர்கள் எல்லாம் கார் வாங்கி, ரேடியோ வாங்கி முடித்த பிறகு, 1929இன் நடுவில் ஆலைகளில் சரக்குத் தேங்க ஆரம்பித்தது.

1929

பங்குச் சந்தை அதைக் கவனிக்கவில்லை. நூறு டாலர் பங்கைப் பத்தோ இருபதோ கொடுத்து வாங்கலாம், மீதியைத் தரகர் கடன் தருவார். அந்தப் பங்குதான் ஈடு. ரேடியோ கம்பெனியான ஆர்சிஏ பங்கு 1928இல் மட்டும் 85 டாலர் அளவிலிருந்து 420க்கு ஏறியது. அதுவரை அந்தக் கம்பெனி பங்குதாரருக்கு ஒரு சென்ட்கூட லாபப் பங்கு கொடுத்ததில்லை! எல்லாரும் வாங்கியது அடுத்தவர் இன்னும் அதிகம் கொடுத்து வாங்குவார் என்ற நம்பிக்கையை.

1929 செப்டம்பர் 3இல் டவ் ஜோன்ஸ் குறியீடு 381. அக்டோபர் 24, வியாழக்கிழமை, ஒரே நாளில் ஒரு கோடியே 29 லட்சம் பங்குகள் கைமாறின. 29, செவ்வாய்க்கிழமை, ஒரு கோடியே 64 லட்சம். விலை விழுந்ததும் தரகர் கடனைக் கேட்டார். கடனைக் கட்டப் பங்கை விற்றார்கள், விற்றதால் இன்னும் விழுந்தது. 1932 ஜூலை 8இல் குறியீடு 41. 1933இல் உழைக்கத் தயாராக இருந்த நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. தவணை கட்ட முடியாதவர்கள் முதலில் புதுப் பொருள் வாங்குவதை நிறுத்தினார்கள். பொருள் விற்காத ஆலை ஆளை நிறுத்தியது. ஆள் வேலை இழந்ததும் இன்னொரு தவணை நின்றது. சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது.

நம் வீட்டு வாசலுக்கு வந்த கதை

இப்போது ரப்பருக்கு வருகிறேன். 1920களில் உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கியது அமெரிக்கா. அதில் பெரும்பங்கு டயருக்கு. அந்த ரப்பர் மலாயாவிலிருந்தும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் போனது. மலாயாத் தோட்டங்களில் விடியும் முன் எழுந்து மரம் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய தமிழர்கள். ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்த கங்காணிகளை நம்பிப் போனவர்கள். அமெரிக்கக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாகக் காரில் போனபோது, அந்தச் சக்கரத்தில் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துப் பெண்களின் உழைப்பும் உருண்டது. இது கவிதைக்காகச் சொல்வதில்லை, வணிகக் கணக்கு.

1925இல் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு டாலரையும் தாண்டி விற்றது. 1932இல் மூன்று சென்ட் அளவுக்கு விழுந்தது. தோட்டங்கள் கூலியைக் குறைத்தன, ஆளையும் குறைத்தன. 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வந்து இறங்கியபோது இங்கே நெல் விலையும் சரிந்திருந்தது. பர்மாவில் நெல் விலை விழுந்ததால் கடனைத் திருப்பிக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் நகரத்தார் கைக்குப் போனது. அவர்கள் விரும்பிக் கேட்டது பணம், கிடைத்தது வயல். பின்னாளில் அதையும் இழந்தார்கள். 1931இல் இங்கிலாந்து தங்கநாணய முறையைக் கைவிட்டதும் தங்கம் விலை ஏறியது. வரி கட்டவும் வட்டி கட்டவும் நம் கிராமத்துப் பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்த தங்கம் கப்பலில் வெளியே போனது.

நியூயார்க்கில் ஒருவர் கார் தவணையை நிறுத்தினால் நாகப்பட்டினத்தில் ஒரு தாய் தோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. உலகமயம் என்ற சொல் பிறக்கும் முன்பே அதன் வலி பிறந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'மலாயாவுக்குப் போனவர்', 'ரங்கூன் பணம்' என்று பழைய பேச்சு ஏதாவது இருந்தால், அது இந்த வரலாற்றின் ஒரு பக்கம்தான்.

கடைசியாக

இதையெல்லாம் சொல்லிக் கடன் வாங்காதே, பங்கு வாங்காதே, சினிமா பார்க்காதே என்று உபதேசம் செய்யப்போவதில்லை. அந்தப் பத்தாண்டு ஆம்ஸ்ட்ராங்கையும் சாப்ளினையும் எலிங்டனையும் நமக்குக் கொடுத்தது. பணம் புழங்கியதால்தான் அந்தக் கலை இத்தனை பேரை எட்டியது, அதை மறுக்க முடியாது. வீட்டில் சலவை இயந்திரம் வந்ததால் முதுகு நிமிர்ந்த பெண்களும் இருக்கிறார்கள்.

என் மாணவர்களிடம் நான் கேட்பது மூன்று கேள்விகளைத்தான். காலம் செழிப்பாக இருக்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பொருளை உண்டாக்கியவருக்கு எவ்வளவு போகிறது? எனக்கு இது இலவசமாகக் கிடைக்கிறதென்றால், யார் எதை விற்கிறார்கள்? என் சம்பளத்தில் வாங்குகிறேனா, இன்னும் வராத சம்பளத்தில் வாங்குகிறேனா? கைபேசியில் பங்கு வாங்கி விற்கும் என் பழைய மாணவர்கள் சிலர் போன தீபாவளிக்கு வந்தபோது பேசியதைக் கேட்டேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். 1928இல் ஆர்சிஏ பங்கு வாங்கியவர்களும் கெட்டிக்காரர்கள்தான்.

இயந்திரம் வந்து வேலை போகுமோ என்று கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் கவலைப்படுகிறீர்கள். அந்தத் தியேட்டர் வயலின்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் சிலருக்கு வானொலியிலும் ஸ்டுடியோக்களிலும் வேலை கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவரைப் பற்றி மட்டும் பேசி ஆறுதல் சொல்வது வரலாறு ஆகாது.

மலாயா, பர்மா, இலங்கை போய்வந்த முன்னோர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்த ஆண்டு போனார்கள், எப்போது திரும்பினார்கள், ஏன் திரும்பினார்கள் என்று வீட்டில் கேட்டு இங்கே கீழே எழுதுங்கள். 1930, 31, 32 என்ற ஆண்டுகள் எத்தனை வீட்டில் வருகின்றன என்று பார்ப்போம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர் (ஓய்வு)